ஆரி ஒர்க்குக்கு ஆர்டர் தருகிறோம் என்று டெபாசிட் கேட்கிறார்களா? இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

"வீட்டில் இருந்தபடியே ஆரி ஒர்க் போட்டுக் கொடுங்கள். துணி, மணி எல்லாம் நாங்களே தருவோம், ரவிக்கைக்கு 900 ரூபாய்." இந்த விளம்பரம் உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கலாம்.

ஆரி ஒர்க் என்பது கொக்கி ஊசியால் துணியில் நூலும் மணியும் வைத்துப் போடும் கைவேலை. நான் அதை ஆசைக்குக் கற்றுக்கொண்டு, சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவள். கைவேலை சுத்தமாக இருக்கிறதே, காசுக்கே செய்யலாமே என்று நாலு பேர் சொன்னார்கள். சரி என்று அந்த விளம்பரம் கொடுத்த நிறுவனத்துக்குப் போனேன். டெபாசிட் 15,000 ரூபாய், முத்திரைத்தாளில் ஒப்பந்தம். அப்புறம் 'அரசுப் பதிவு' என்று தனியாக 2,500. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவைத்தான் சொன்னார்கள். அரசு இணையதளத்தில் அதற்குக் கட்டணமே கிடையாது, ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் நாமே செய்துகொள்ளலாம்.

முதல் தடவை கொடுத்த ரவிக்கைகளுக்குப் பணம் ஒழுங்காக வந்தது. அந்த நம்பிக்கையில் என் தெருவிலேயே இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். அதற்கப்புறம் கொடுத்ததெல்லாம் ரிஜெக்ட். காரணம், 'எண்ட் நாட் (தையலை முடிக்கும் முடிச்சு) சரியில்லை, தையல் பிரிகிறது.'

ஆரி தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய குற்றச்சாட்டு என்று புரியும். நாம் போடுவது சங்கிலித் தையல். கடைசியில் முடிச்சுப் போட்டு நிறுத்தாவிட்டால், நுனியைப் பிடித்து இழுத்ததும் வரிசை மொத்தமும் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் இந்தக் காரணத்தைக் கேட்டதும் பலர் வாயடைத்துப் போய்விடுகிறார்கள். நான் ரிஜெக்ட் செய்த ரவிக்கையின் கைப்பகுதியை அவர்கள் மேசையில் திருப்பிப் போட்டு, அவர்கள் கண்முன்னே ஒவ்வொரு நுனியையும் நகத்தால் இழுத்துக் காட்டினேன். ஒன்றுகூட அசையவில்லை. "அதெல்லாம் ஹெட் ஆபீஸ் முடிவு மேடம்" என்றார் அங்கே வேலை பார்க்கும் தம்பி. அடுத்த தடவை, மணியின் நிறம் சரியில்லையாம். அந்த மணியே அவர்கள் பாக்கெட் போட்டுக் கொடுத்ததுதான்!

ரிஜெக்ட் ஆன ரவிக்கைகளைத் திருப்பியும் தரவில்லை. பொருள் சேதம் என்று எழுதி டெபாசிட்டில் கழித்துவிட்டார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் 'தரம் குறித்து நிறுவனத்தின் முடிவே இறுதியானது' என்று ஒரு வரி. எந்தக் குறைக்கு ரிஜெக்ட், அதை யார் பார்ப்பது, சரிசெய்ய வாய்ப்பு உண்டா, எதுவும் இல்லை. சாதாரணமாக பொட்டிக், தையல் கடைகளில் கூலிக்குப் போடும்போது துணியும் மணியும் அவர்கள் தருவார்கள், குறை இருந்தால் அந்த இடத்தைப் பிரித்து மறுபடி போடச் சொல்வார்கள். வேலை செய்கிறவளிடம் யாரும் டெபாசிட் கேட்டு நான் பார்த்ததில்லை. இவர்களுக்கு வருமானம் ரவிக்கையிலா, டெபாசிட்டிலா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றதும், "நீங்கள் தொழில் செய்கிறவர், நுகர்வோர் இல்லை" என்று மடக்கினார்கள். இதற்கு மட்டும் பயப்படாதீர்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கியதை வணிக நோக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. கிட்டுக்கும் பதிவுக்கும் பயிற்சிக்கும் என்று காசு வாங்கியிருந்தால், நாம் காசு கொடுத்து வாங்கியதற்கு அதுதான் சாட்சி, அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அவர்கள் ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். ஜிபே போன்றவற்றில் பணம் அனுப்பிய உடனே ஆள் காணாமல் போனால் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் செய்யுங்கள், அதையும் தாமதிக்காமல்.

நான் புகார் கொடுத்துவிட்டேன். அதே நிறுவனம் இப்போது பக்கத்து ஊரில் வேறு பெயரில் ஆள் சேர்க்கிறது. விளம்பரத்தில் கருநீலப் பட்டில் மயில் போட்ட அதே ரவிக்கைப் படம்தான். பணம் கட்டியவர்கள் ஒப்பந்தத்தையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு என்னிடம் பேசுங்கள். ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே வழக்குப் போட வழி இருக்கிறது.