ராஜ்மாவா, சீந்திலா, சோப்புமரப் பட்டையா?

மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பு வேப்பமரத்தில் சீந்தில் கொடி ஏறியிருக்கிறது. டெல்லிக்காரர்களுக்கு அது கிலோய். 2020-க்கு முன் யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை; இன்றோ ஆளுக்கொரு துண்டு வெட்டிக்கொண்டு போகிறார்கள். கீழ்வீட்டு மாமி எனக்கும் ஒன்று கொடுத்து, "கஷாயம் வைத்துக் குடி, எதிர்ப்புச் சக்தி ஏறும்" என்றார். எதிர்ப்புச் செல்களை உருப்படியாகத் தூண்டும் தாவரம் எது என்று யோசித்தேன்.

மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். எதிர்ப்புச் செல்களைத் தட்டியெழுப்பும் தாவரப் பொருள் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ராஜ்மாதான். ஊட்டத் திரவத்தில் சில சொட்டு ரத்தம் விட்டு, ராஜ்மாவில் இருக்கும் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் புரதத்தைச் சேர்த்து, 37 டிகிரி சூட்டில் 72 மணி நேரம் வைப்போம். அது வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்களின் மேலுள்ள சர்க்கரைக் கிளைகளைப் பிடித்துக்கொள்ளும். கிருமி வந்ததுபோல் செல்கள் பெருகத் தொடங்கும். அப்படிப் பிரியும் செல்லில்தான் குரோமோசோம்களை எண்ண முடியும். சிவப்பணுக்களைப் பிரித்தெடுக்கச் சேர்த்த இந்தப் பொருள் வெள்ளணுக்களைப் பெருக்குகிறது என்று 1960-ல் கண்டு சொன்னவர் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் நோவெல். வேகத்தில் இதற்கு ஈடில்லை. ஆனால் எந்தக் கிருமிக்கு என்ற இலக்கே இல்லாமல் கண்ட செல்லையெல்லாம் எழுப்புகிறது. வயிற்றுக்குள் போனாலோ வாந்திதான். இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மாவை எந்தக் குழந்தைக்கும் தராதீர்கள்.

சீந்திலையும் வெறும் நம்பிக்கை என்று தள்ள மாட்டேன். அதிலுள்ள அராபினோகாலக்டன் என்ற கூட்டுச் சர்க்கரையை மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். விழுங்கும் செல்களான மேக்ரோபேஜ்களில் டிஎல்ஆர்4 என்ற உணர்வியை அது தூண்டுகிறது. ஆனால் அது தூய்மைப்படுத்திய பொருள். கொடியைத் தட்டிக் காய்ச்சிய கஷாயத்தில் அது எவ்வளவு இருக்கும் என்பதற்கு அளவு கிடையாது. 2021-ல் மும்பை மருத்துவர்கள், கிலோய் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதித்ததைப் பதிவு செய்தார்கள். செடி எது என்று அவர்கள் சோதிக்கவில்லை என ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. எப்படியிருந்தாலும், உடல் தன்னையே தாக்கும் நோய் உள்ளவர்கள் எதிர்ப்புச் செல்லை உசுப்பிவிடுவது நல்லதில்லை.

என் ஓட்டு சிலி நாட்டுச் சோப்புமரப் பட்டைக்கு. அதிலுள்ள க்யூஎஸ்-21 என்ற சப்போனின், அதாவது சோப்புபோல் நுரைக்கும் பொருள், எதிர்ப்புச் செல்களைத் தூண்டும்; ஆனால் தனியாக இருந்தால் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கொலஸ்ட்ரால் கலந்த நுண்கொழுப்புக் குமிழிக்குள் வைத்து அதை அடக்கினார்கள். அக்கிக்கான ஷிங்ரிக்ஸ் தடுப்பூசியில், எம்பிஎல் என்ற இன்னொரு தூண்டியோடு, ஒரு ஊசிக்கு 50 மைக்ரோகிராம் இருக்கிறது. கூடவே வைரஸின் புரதமும் இருப்பதால் எழும் செல்களுக்கு எதிரி யார் என்று தெரிகிறது. 50 வயதைக் கடந்தவர்களிடம் நடந்த பெரிய சோதனையில் 97 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது. எந்தக் கஷாயத்துக்கும் இப்படியொரு கணக்கு இல்லை.

மாமிக்கு எதிர்ப்புச் செல்களே தைராய்டைத் தாக்கும் ஹஷிமோட்டோ நோய் உண்டு. கஷாயத்தை நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னேன். கோபித்துக்கொண்டார். ஆனாலும் மறுநாள் காலை ரத்தம் கொடுக்க என்னோடு வந்தார்.