ஜவுளிக்கடை பில்லிங்குக்கு எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் 2022: காலையில் கிளம்ப மறுத்தால்?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இரண்டு கவுன்டர் வைத்து ஓடும் ஜவுளிக்கடைக்கு மைக்ரோசாஃப்டின் இந்த இலவச டேட்டாபேஸ் தாராளமாகப் போதும். ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி, பஃபருக்கு 1,410 எம்பி ராம், 4 கோர், இவ்வளவுதான் வரம்பு. பில்லும் ஸ்டாக்கும் மட்டும் என்றால் 10 ஜிபி நிரம்ப வருடக்கணக்காகும். சேலை போட்டோக்களையும் உள்ளே திணித்தால் சீக்கிரம் முட்டும். முட்டினாலும் சர்வீஸ் நிற்காது, புது பில் மட்டும் ஏறாது.

எங்களுக்கு இதில் மிகவும் பிடித்தது, படுத்துக்கொண்டால் ஏன் படுத்தது என்று எழுதி வைத்துவிடுவது. ஆகவே ஷட்டரைத் தூக்கியதும் 'சர்வர் கனெக்ட் ஆகவில்லை' என்று வந்தால், உடனே ரீஇன்ஸ்டால் என்று கிளம்பும் ஆளைக் கொஞ்சம் நிறுத்துங்கள். விண்டோஸின் சர்வீசஸ் திரையில் ரன்னிங் என்று காட்டி, இரண்டாவது கவுன்டருக்கு மட்டும் எட்டவில்லையா? எஸ்க்யூஎல் சர்வர் பிரவுசர் சர்வீஸ், டிசிபி ஐபி, ஃபயர்வால் மூன்றையும் பாருங்கள். நின்றே போயிருந்தால் ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் கொடுத்து, வரும் எரர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதற்றத்தில் ஸ்டார்ட்டையே அழுத்திக்கொண்டிருந்தால் கெட்டது. ஒவ்வொரு முயற்சிக்கும், காரணம் எழுதப்படும் 'எரர்லாக்' ஃபைல் புதிதாகத் திறக்கும். பழையது 1, 2 என்று எண் வாங்கிப் பின்னால் போகும். வழக்கமாகப் பழையவற்றில் 6தான் தங்கும். ஏழெட்டு அழுத்தலில் முதல் தடவை விழுந்த காரணமே அழிந்துவிடும். லாக் ஃபோல்டரை முதலில் வேறிடத்தில் காப்பி எடுத்துவிட்டு, கடைசிப் பத்து இருபது வரிகளைப் படியுங்கள்.

1069 என்றால் சர்வீஸ் ஓடும் விண்டோஸ் அக்கவுன்டின் பாஸ்வேர்டை யாரோ மாற்றியிருப்பார்கள். புது பாஸ்வேர்டை கான்ஃபிகரேஷன் மேனேஜரில் போடுங்கள். 17113, கூடவே ஆப்பரேட்டிங் சிஸ்டம் எரர் 5 என்றால் மாஸ்டர் (சர்வர் தன் சொந்த விவரங்களை வைத்திருக்கும் டேட்டாபேஸ்) ஃபைலைத் திறக்க அனுமதி இல்லை. டேட்டா ஃபோல்டரில் சர்வீஸ் அக்கவுன்டுக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுங்கள். 3417 வந்தால் மாஸ்டர் டேட்டாபேஸ் எழவில்லை. இடம் மிச்சமாகட்டும் என்று டிரைவைக் கம்ப்ரஸ் செய்திருந்தாலும் இது வரும். அந்த டிக்கை எடுத்தாலே சரியாகிவிடலாம். கரன்ட் போய் ஃபைலே கெட்டிருந்தால் மாஸ்டரை ரீபில்ட் செய்ய வேண்டும். அதற்கு முன் எம்டிஎஃப் (டேட்டா ஃபைல்), எல்டிஎஃப் (லாக் ஃபைல்) இரண்டையும் பத்திரப்படுத்தாமல் கை வைக்காதீர்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய புது விண்டோஸ் 11 மெஷினில் முதல் நாளே கிளம்பவில்லை என்றால், என்விஎம்இ எஸ்எஸ்டியைச் சந்தேகியுங்கள். இந்த சர்வருக்கு 512, 4096 பைட் செக்டர் (டிஸ்க் ஒரே தடவையில் எழுதும் துண்டு) தான் ஒத்துக்கொள்ளும். கமாண்ட் பிராம்ப்டில் எஃப்எஸ்யூட்டில் செக்டர்இன்ஃபோ (fsutil fsinfo sectorinfo C:) பார்த்து, ஃபிசிக்கல் செக்டர் வரிகளில் 4096க்கு மேல் இருந்தால் காரணம் அதுதான். ரெஜிஸ்ட்ரியில் ஸ்டோர்என்விஎம்இ (stornvme) டிரைவரின் டிவைஸ் கீயில் 'ஃபோர்ஸ்டு ஃபிசிக்கல் செக்டர் சைஸ் இன் பைட்ஸ்' (ForcedPhysicalSectorSizeInBytes) என்ற மல்டி ஸ்ட்ரிங்கில் '* 4095' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். நட்சத்திரக் குறிக்கும் எண்ணுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.

ஒரு குறை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் 'ஏஜென்ட்' இதில் இல்லாததால் பேக்கப் தானாக எடுக்காது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் எஸ்க்யூஎல்சிஎம்டி என்ற கமாண்ட் கருவியை வைத்து, கடை சாத்தும் நேரத்துக்கு தினமும் ஓடவிடுங்கள். பேக்கப் ஃபைல் அதே டிஸ்க்கில் விழ வேண்டாம்.