ஃப்ளாக், லாம்பேஸ்ட்: இரண்டுக்கும் ‘சாடல்’ போதுமா?

கடுமையான விமர்சனத்தைக் குறிக்க ஆங்கிலச் செய்திகளில் அடிக்கடி தென்படும் சொற்கள் ஃப்ளாக் (flak), லாம்பேஸ்ட் (lambaste) ஆகிய இரண்டும். டெல்டா மாவட்டச் செய்திகளைத் தமிழாக்கும்போது இரண்டுக்குமே ‘சாடல்’ என்று எழுதிவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. அதனால் யார் திட்டினார், யார் திட்டு வாங்கினார் என்பதே சில சமயம் மாறிப்போகிறது என்பதால், இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும் என்று கருதுகிறேன்.

ஃப்ளாக் என்பது விமான எதிர்ப்புப் பீரங்கியைக் குறிக்கும் நீண்ட ஜெர்மானியச் சொல்லின் சுருக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆங்கிலத்தில் வேரூன்றிய இச்சொல், 1960-களில் அமெரிக்க வழக்கில் விமர்சனம் என்ற பொருளையும் பெற்றது. கீழிருந்து பலர் சுட, மேலே பறப்பவர் அதற்கு இலக்காகும் அந்தப் பழைய நிலை இன்றும் சொல்லில் தங்கியிருக்கிறது: இது பெயர்ச்சொல், இதை ஆளும் வாக்கியத்தில் பெரும்பாலும் விமர்சனத்துக்கு உள்ளானவரே எழுவாயாக வருவார். லாம்பேஸ்ட் அதற்கு நேர்மாறானது. அடித்தல் என்ற பொருளில் 17-ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிய வினைச்சொல் அது. அங்கே விமர்சிப்பவரே எழுவாய்.

விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று கொள்முதல் நிலையத்தில் நிறுத்திவைக்கப்பட்ட நெல் மழையில் நனைந்து முளைவிட, அந்த நெல்லை உள்ளங்கையில் ஏந்தியபடி ஒரு விவசாயி எழுந்து அதிகாரிகளை நேருக்கு நேர் கேள்வி கேட்டால், அது லாம்பேஸ்ட். ‘அதிகாரிகளைச் சாடினார்’ என்பது அங்கே முற்றிலும் பொருந்தும். அடித்தலிலிருந்து திட்டுதலுக்கு வந்த ‘விளாசினார்’ இன்னும் நெருக்கமானது. ‘வறுத்தெடுத்தார்’ என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அது அந்த விவசாயியின் வேதனையை வேடிக்கையாக்கிவிடுகிறது.

ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தும் பேராவூரணி, திருத்துறைப்பூண்டி போன்ற கடைமடைப் பகுதிகளுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று சங்கங்களும் கட்சிகளும் ஊர்மக்களும் நாலா பக்கமிருந்தும் குரல் எழுப்பினால், அதுதான் ஃப்ளாக். இதற்குக் ‘கண்டனத்துக்கு ஆளானது’ என்று எழுதலாம்; எனினும் தீர்மானம், ஆர்ப்பாட்டம் ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்ட கண்டனம் என்ற சொல்லில் ஒரு முறைமை இருக்கிறது. ‘நீர்வளத் துறையை நோக்கி விமர்சனக் கணைகள்’ என்பதே என் தேர்வு. பலர், பல திசை, ஓர் இலக்கு என்ற மூன்றும் அதில் அமைந்துவிடுகின்றன.

‘வசை’ இரண்டுக்குமே உதவாது. திருமலைராயன்பட்டினத்தில் மண்மாரி பொழியட்டும் என்று புலவர் காளமேகம் பாடியதாகச் சொல்வார்களே, அதுதான் வசை. சாபமும் இழிப்பும் கலந்தது. முளைத்த நெல்லைச் சான்றாகக் காட்டிக் கேட்பவரின் பேச்சை வசை என்பது அநியாயம்.

‘இடித்துரைத்தல்’ இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. நட்பு என்பது வரம்பு மீறும்போது முன்சென்று இடித்தற்பொருட்டு என்கிறது குறள் (784). அக்கறையுள்ளவர் திருத்துவதற்காகச் சொல்வது அது. சங்கத்தின் மூத்த உறுப்பினர் தம் தலைவரையே கடிந்துகொண்ட செய்திக்கு, ஆங்கில மூலத்தில் லாம்பேஸ்ட் என்றிருந்தாலும்கூட, நான் ‘இடித்துரைத்தார்’ என்றே எழுதுவேன்.