லீஸ் பணம் போனால்: விசாரணை மனுவா, தனிப் புகாரா?

2025 பிப்ரவரியில் ஒரு காலை, பெங்களூரு அல்சூரில் அக்கா லீஸுக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் வாசலில் வந்து நின்றார். "நாலு மாதமாக எனக்கு வாடகை வரவில்லையம்மா, காலி செய்துவிடுங்கள்." மாத வாடகைக்குப் பதிலாக அக்கா மொத்தமாகக் கொடுத்த 12 லட்சம் இடையிலிருந்த நிறுவனத்திடம் போயிருந்தது. உரிமையாளரிடம் அவர்கள் பேசியிருந்ததோ மாத வாடகை. காவல் நிலையத்தில் "இது சிவில் தகராறு" என்று புகாரை வாங்க மறுத்துவிட்டார்கள்.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதற்குமேல் இரண்டு வழிகள் உண்டு. பிரிவு 175(3)-இன்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டு, போலீஸை விசாரிக்க உத்தரவிடும்படி கேட்கலாம். அல்லது பிரிவு 223-இன்கீழ் நாமே தனிப் புகார் கொடுத்து வழக்கை நடத்தலாம். சிவில் வழக்கைத் தனியே போட்டுக்கொள்ள எதுவும் தடையில்லை. வக்கீல் செலவு இரண்டிலும் உண்டு.

தனிப் புகாரில் காவல் நிலையத்தின் தயவு தேவையில்லை. போலீஸ் 'பி ரிப்போர்ட்' எனும் முடிப்பு அறிக்கை போட்டு வழக்கை மூடிவிடுவார்களோ என்ற பயமும் இல்லை. ஆனால் புதிய சட்டம் இதில் ஒன்றை மாற்றியிருக்கிறது. எதிராளி சொல்வதைக் கேட்க வாய்ப்பளிக்காமல் மாஜிஸ்திரேட் புகாரைக் கோப்பில் எடுக்க முடியாது. பழைய சட்டத்தில் இந்தக் கட்டத்தில் எதிராளிக்கு இடமே இல்லை. நியாயமான மாற்றம்தான். ஆனாலும், பணத்தை ஒளித்துவைக்க நினைப்பவனுக்கு இது முன்கூட்டியே மணி அடித்துச் சொல்வதுபோல.

நாங்கள் மனுவைத்தான் தேர்ந்தெடுத்தோம். அதற்குமுன் காவல் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்ப வேண்டியிருந்தது. அக்கா அந்த ரசீதையும் ஒப்புகை அட்டையையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டுச் சாவியோடு வைத்திருந்தாள். 2015-இல் பிரியங்கா ஸ்ரீவஸ்தவா வழக்கில் இத்தகைய மனுவோடு உச்ச நீதிமன்றம் கேட்ட பிரமாணப் பத்திரம் இப்போது சட்டத்திலேயே ஏறிவிட்டது. போலீஸ் தரப்பு விளக்கத்தையும் மாஜிஸ்திரேட் பரிசீலிக்க வேண்டும். அதனால் நிருபதுங்கா சாலை நீதிமன்றத்துக்கு நடந்த நடை கொஞ்சமல்ல.

இருந்தும் இந்த வழியை நான் பலமாகச் சொல்வது ஒரே காரணத்துக்காக: பணம் எங்கே போனது என்பதை அக்காவால் கண்டுபிடிக்க முடியாது. அவளிடம் இருப்பது ஒப்பந்தமும் வங்கிப் பரிமாற்ற ரசீதும் மட்டும். நிறுவனத்தின் கணக்கிலிருந்து அது யார் கணக்குக்குப் போனது, அதில் நிலம் வாங்கினார்களா, கார் வாங்கினார்களா என்று தோண்ட விசாரணை அதிகாரியால்தான் முடியும். அப்படித் தோண்டியதில் சொத்து தட்டுப்பட்டால், மேலதிகாரியின் ஒப்புதலோடு பிரிவு 107-இன்கீழ் அதை முடக்கக் கேட்டு அவரே நீதிமன்றத்துக்குப் போகலாம். குற்றத்தில் வந்த சொத்துதான் என்று நீதிமன்றம் கண்டால், மாவட்ட மாஜிஸ்திரேட் வழியாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பங்கிட்டுத் தரச் சொல்லலாம். இதைத் தொடங்கிவைக்கும் உரிமையைச் சட்டம் விசாரிக்கும் போலீஸ் அதிகாரியிடம்தான் கொடுத்திருக்கிறது. தண்டனையைவிடப் பணம் திரும்புவதுதான் முக்கியம் என்றிருக்கும் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய வேறுபாடு இல்லை.

எங்கள் வழக்கில் முதல் தகவல் அறிக்கை பதிவாகி, நகல் இலவசமாகக் கையில் வந்தது. விசாரணையின் நிலையை 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்வதால், அக்கா தேதியைக் காலண்டரில் குறித்துவைத்துக் கேட்கிறாள். 107 மனு இன்னும் போடப்படவில்லை. அது எவ்வளவு விரைவாக நகரும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது.

எதிராளி ஒரே ஆள், முகவரி தெரியும், கையெழுத்திட்ட ரசீது இருக்கிறது, பணம் போன தடத்தைத் தேட வேண்டியதில்லை என்றால் தனிப் புகாரே போதும் என்று எங்கள் வக்கீல் சொன்னார். அந்த வழியில் யாரும் கடைசிவரை போய் நான் பார்த்ததில்லை.