கண்டியில் தங்கிப் பிள்ளைக்காகக் காத்திருப்போருக்கு: மலையகச் சுற்றுலா இடங்கள், ஒரு மதிப்பீடு

மகவேற்புக்காக, அதாவது பிள்ளையைத் தத்தெடுக்க, வெளிநாட்டில் இருந்து வரும் தம்பதியர் இலங்கையில் வாரக்கணக்கில் தங்க வேண்டியிருக்கும். பிள்ளையைப் பார்க்க நாள் குறிக்கும்வரை ஒரு காத்திருப்பு, நீதிமன்றத் தவணை வரும்வரை இன்னொன்று. பிள்ளை மலையகத்துச் சிறுவர் இல்லம் ஒன்றில் இருந்தால் கண்டியில் அறை எடுப்பதுதான் வசதி. ஆனால் அறைக்குள்ளேயே போனைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் மனம் நொந்துபோகும். வெளியே போயே ஆக வேண்டும். சாதாரணச் சுற்றுலாப் பயணிக்கு எழுதிய குறிப்புகள் இவர்களுக்கு உதவாது என்பதால் இங்கே அழகை மட்டும் வைத்துப் புள்ளி போடவில்லை. போன் அடித்தால் எவ்வளவு நேரத்தில் கண்டிக்குத் திரும்பலாம், அங்கே சிக்னல் கிடைக்குமா, கால் சறுக்கி அடிபட வாய்ப்பு உண்டா என்பதையும் சேர்த்துப் பார்த்திருக்கிறோம்.

இடங்களுக்கு முன்னால் நாட்காட்டியைப் பாருங்கள். வெளிநாட்டவரின் மகவேற்பு நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் ஊடாக நடக்கிறது, வழக்கு கொழும்பில். இரண்டும் அரச அலுவலக நாட்களில்தான் இயங்கும். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை), பொங்கல், தீபாவளி நாட்களில் திணைக்களத்தில் இருந்து அழைப்பு வராது. ஏப்ரல் 13, 14 புத்தாண்டை ஒட்டிக் கிட்டத்தட்ட ஒரு வாரம் அலுவலக வேலை மந்தமாகிவிடும். ஆகவே தூரப் பயணம் எல்லாம் விடுமுறை நாளில், வேலை நாளில் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பக்கூடிய இடம் மட்டும். இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பதற்றம் குறைந்துவிடும். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் இல்லத்தில் இருந்து ஞாயிறும் அழைப்பு வரலாம் என்பதால் போனும் பவர் பேங்க்கும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

வேலை நாளுக்கு முதலிடம் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு. கண்டி நகரில் இருந்து 6 கிலோமீட்டருக்கும் குறைவு. 1821இல் தொடங்கியது, பரப்பு 147 ஏக்கர், மகாவலி மூன்று பக்கமும் வளைந்து ஓடுகிறது. பாதைகள் பெரும்பாலும் சமதரை, சிக்னல் நன்றாக இருக்கும், வாசலில் எந்நேரமும் த்ரீவீல் நிற்கும். காலையில் திறந்த கையோடு போய்விடுங்கள். பத்து மணிக்குப் பிறகு பாடசாலைப் பிள்ளைகளின் பஸ்கள் வரிசையாக வந்துவிடும். பனை நிழற்சாலை, ஓர்க்கிட் கூடம், ஒரே மரம் குடைபோல் விரிந்து புல்வெளியை மூடியிருக்கும் பெரிய அத்தி எல்லாம் பார்க்கத் தகுந்தவை. 1901இல் பிற்கால ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் மேரி அரசியும் நட்ட நாகலிங்க மரத்தைத் தேடிப் பாருங்கள். பூ கிளை நுனியில் வராமல் தண்டைச் சுற்றித் தொங்கும் கொடிகளில் பூக்கும். காய் பீரங்கிக் குண்டு அளவு, உருண்டையாய், கனமாய் இருக்கும். கீழே நிற்க வேண்டாம். சாப்பாட்டுப் பையைத் திறந்து வைத்தால் குரங்கு கொண்டுபோய்விடும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் எவ்வளவு நல்ல தமிழ் பேசினாலும் வெளிநாட்டவர் கட்டணம்தான், அதில் வாதாடிப் பயனில்லை. பிள்ளை கைக்கு வந்த பிறகு தள்ளுவண்டியோடு திரும்பவும் வர ஏற்ற இடமும் இதுவே.

அடுத்தது ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகம். பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம், நகரில் இருந்து த்ரீவீலில் கால் மணி நேரம், திங்கட்கிழமை மூடியிருக்கும். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது முதல் உருட்டும் இயந்திரங்கள் வரை வரிசையாக வைத்திருக்கிறார்கள். கொழுந்து எடுத்த கைகளைப் பற்றி இன்னும் நிறையச் சொல்லியிருக்கலாம், அது பெரிய குறை. மேல்மாடியில் தேநீர் நன்று. ஹந்தானை மலை ஏறும் பாதை வேண்டாம்: மழைக்குப் பின் அட்டை, வழுக்கல், அவசரத்துக்கு இறங்கவும் முடியாது.

புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகையும் வாவியும் நகருக்குள்ளேயே. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். போயா நாளில் கூட்டம் நெரியும், வேலை நாளில் போங்கள். எசல பெரஹெர ஊர்வலத் திருவிழா நடக்கும் ஜூலை, ஆகஸ்ட் நாட்களில் மாலையில் நகரப் பாதைகளை மூடிவிடுவார்கள், அறை வாடகையும் பல மடங்கு ஏறும். அந்தப் பத்து நாட்களில் தங்க நேர்ந்தால் பேராதனைப் பக்கம் அறை எடுப்பது புத்தி. கோவிலுக்குப் போக நினைப்பவர்களுக்குக் கட்டுக்கலை செல்வ விநாயகர் நகரிலேயே இருக்கிறார். மாத்தளை முத்துமாரியம்மன் 26 கிலோமீட்டர். போக ஒரு மணி நேரம், வரவும் அதேதான். மாசி மகத் தேர் நாளில் மாத்தளை நகரமே நின்றுவிடும், அன்றைக்குத் தவிருங்கள்.

இனி எல்லோரும் கேட்கும் கோச்சி (ரயில்) பயணம். கண்டியில் இருந்து எல்ல வரை ஆறரை, ஏழு மணி நேரம். பட்டிப்பொலவில் 1,898 மீற்றர் உயரத்தைத் தொட்டு, அப்புத்தளை வழியாக இறங்கும். இந்தப் பாதையின் அழகைக் குறை சொல்ல யாராலும் முடியாது. ஆனால் காத்திருக்கும் பெற்றோருக்கு முழுப் பயணத்தை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. எல்லவில் நிற்கும்போது அழைப்பு வந்தால் கண்டிக்கு வர வான் வண்டியில் நான்கு மணி நேரத்துக்கு மேலாகும், அன்றைய வேலை முடிந்துவிடும். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பிள்ளை வளர்ந்த பிறகு சேர்ந்து பார்க்கலாம்.

விடுமுறை நாளாகப் பார்த்துப் போய், ஹட்டனில் இறங்கிவிடுங்கள். கண்டியில் காலையில் புறப்படும் பொடி மெனிக்கே என்னும் கோச்சியில் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். கம்பளை, நாவலப்பிட்டி வரை சமவெளி. நாவலப்பிட்டிக்குப் பிறகுதான் ஏற்றம் தொடங்கும். கலபொட, வட்டவளைப் பக்கம் வந்ததும் காற்றின் ஈரமும் குளிரும் சன்னல் வழியாக முகத்தில் அடிக்கும். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். நேரம் இருந்தால் இன்னும் கொஞ்சம் போகலாம். ஹட்டனைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம், பிறகு கொட்டகலை, தலவாக்கலை, அதன் பின் நானுஓயா. சென் கிளையர் அருவி மேல் கொத்மலை மின்திட்டத்துக்குப் பிறகு மெலிந்துவிட்டது. பழைய படங்களை மனதில் வைத்துப் போகாதீர்கள். சுரங்கங்களிலும் மலை இடுக்குகளிலும் சிக்னல் போய்ப்போய் வரும்.

திரும்புவதற்குக் கோச்சியை நம்ப வேண்டாம், தாமதம் சகஜம். வானைக் காலையிலேயே ஹட்டனுக்கு வெறுமையாக அனுப்பி, நிலைய வாசலில் நிற்கச் சொல்லுங்கள். கினிகத்தேனை வழியாக இரண்டரை, மூன்று மணி நேரத்தில் கண்டி. ஒரு நாள் வான் கூலி கூடுதலாகப் போகும், ஆனால் அந்தப் பணம் வாங்கித்தருவது நிம்மதியை.

ஆசனப் பதிவு 30 நாட்களுக்கு முன் திறந்து வேகமாகத் தீர்ந்துவிடும். தவணை எப்போது மாறும் என்று தெரியாதவர்கள் அதன் பின்னால் ஓட வேண்டாம். பதிவு செய்த சீட்டில் கடவுச்சீட்டு இலக்கம் இருக்கும். தரகரிடம் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய சீட்டில் வேறொருவர் இலக்கம் இருந்தால் பரிசோதகர் இறக்கிவிடலாம். பதிவில்லாத இரண்டாம் வகுப்புச் சீட்டு அன்றன்று நிலையத்தில் கிடைக்கும், நிற்க வேண்டி வரலாம். குளிரூட்டிய முதலாம் வகுப்பில் சன்னல் திறக்காது, இந்தப் பாதைக்கு அது வீண் செலவு. கதவில் தொங்கிப் படம் எடுக்காதீர்கள், அப்படி விழுந்து உயிர்கள் போயிருக்கின்றன. பெட்டிக்குள் வரும் இறால் வடை ருசிதான், ஆனால் அடுத்த நாள் நீதிமன்றம் என்றால் வயிற்றைச் சோதிக்க வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்தப் பாதையைப் பல இடங்களில் உடைத்தது. எந்தப் பகுதியில் கோச்சி ஓடுகிறது என்பதைக் கண்டி நிலையத்தில் நேரில் கேட்ட பிறகே வானைப் பேசுங்கள்.

நுவரெலியா விடுமுறை நாளுக்கு மட்டும். கண்டியில் இருந்து ஏறக்குறைய 77 கிலோமீட்டர், இரண்டரை முதல் மூன்று மணி நேரம். புசல்லாவை தாண்டியதும் வளைவுகள் நெருக்கமாகும், வாந்தி வருபவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். றம்பொடை அனுமன் கோவில், லபுக்கலையில் தேயிலைத் தொழிற்சாலை, நகருக்கு அப்பால் சீத்தாஎலிய சீதை அம்மன் கோவில், அதை அடுத்து ஹக்கல பூங்கா, ஒரு நாளுக்கு இது போதும். தொழிற்சாலைக்கு முற்பகலில் போங்கள்: முதல் நாள் கொழுந்து இரவு முழுக்க வாடி, காலையில்தான் உருட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து வராத தொழிற்சாலையில் நின்றுபோன இயந்திரத்தைத்தான் காட்டுவார்கள், முன்கூட்டியே கேளுங்கள். ஏப்ரல் வசந்த காலத்தில் நகரம் நெரிசலில் திணறும். ஹோட்டன் சமவெளி வேண்டவே வேண்டாம். விடியற்காலைக் குளிர், 9 கிலோமீட்டருக்கு மேல் நடை, கல் வழி, சிக்னல் இல்லாத நீண்ட துண்டுகள். கணுக்கால் பிசகினால் பிள்ளையைத் தூக்குவது யார்?

சில ஓட்டுநர்கள் வந்த காரணத்தைத் துருவித் துருவிக் கேட்பார்கள். "எனக்குத் தெரிஞ்ச ஒரு இடம் இருக்கு, சீக்கிரம் பிள்ளை எடுக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த வானை அன்றோடு நிறுத்துங்கள். மகவேற்புக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் சட்டவிரோதம். 1980களில் ஏழைத் தாய்மாரின் குழந்தைகள் பொய்ப் பத்திரங்களோடு ஐரோப்பாவுக்குக் கைமாறின. அவர்கள் வளர்ந்து இன்று தாயைத் தேடி இதே ஊர்களுக்கு வருகிறார்கள். 1992இல் மகவேற்புச் சட்டத்தை இறுக்கியதற்குக் காரணமும் அந்தக் காலம்தான். இல்லத்தில் எடுத்த பிள்ளையின் படத்தை முகநூலில் போடவும் கூடாது. சுற்றிய இடங்களைப் படம் எடுத்து, தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த மண்ணைப் பிள்ளைக்குப் பிற்காலத்தில் காட்ட அவை வேண்டியிருக்கும்.

பிள்ளை கைக்கு வந்தபின் தங்கும் இடம் கண்டியாகவே இருக்கட்டும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் நிலத்தில் உறைபனி விழும், பல அறைகளில் சூடேற்றியே இருக்காது. இல்லத்தில் எந்தப் பால்மா, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதை எழுதி வாங்கி, அதே பால்மாவைக் கண்டி பார்மசியில் முன்கூட்டியே எடுத்துவையுங்கள். ஊரில் இருந்து கொண்டுவந்ததற்கு முதல் நாளே மாற்றினால் வயிறு குழம்பலாம். பால் கரைக்கும் தண்ணீர் கொதித்து ஆறி 70 பாகைக்குக் கீழே போயிருக்கக் கூடாது. கரைத்த பிறகு போத்தலை ஆறவைத்துக் கொடுங்கள். நல்ல சுடுதண்ணிப் போத்தல் ஒன்று கட்டாயம்.

குழந்தை இருக்கையை ஊரில் இருந்தே கொண்டுவாருங்கள். வானைப் பேசும்போது பின் இருக்கையில் பெல்ட் இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். நேரில் பார்த்து, இழுத்து, இருக்கையைக் கட்டிப் பார்த்த பிறகே முற்பணம் கொடுங்கள். பல வான்களில் பெல்ட் மெத்தைக்கு அடியில் புதைந்திருக்கும், சிலவற்றில் இடுப்புப் பட்டி மட்டுமே உண்டு. கொழும்புக்கு இறங்கும் நாளில் கடுகண்ணாவைக் கணவாய்க்கு முன்னால் நிறுத்திப் பால் கொடுத்து, ஏப்பம் வரும்வரை தோளில் போட்டுத் தட்டிவிட்டு, பிறகு இருக்கையில் கட்டுங்கள். இறக்கத்தில் காது அடைத்து அழுதால் சூப்பியை வாயில் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.