சி பிளாக் குவார்ட்டர்ஸில் ஒன்பது வருடம்: பேயை விடுங்கள், பால் பாக்கெட்டைப் பற்றிச் சொல்கிறேன்

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். எங்கள் துறையிலேயே உதவிப் பேராசிரியராகச் சேரப் போகிறாள். “மேடம், எனக்கு சி பிளாக்ல டாப் ஃப்ளோர் அலாட் ஆகியிருக்கு, உங்க எதிர் வீடு. எல்லாரும் பேய் பிளாக்னு சொல்றாங்களே, எடுக்கலாமா?” என்று கேட்டாள். அரை மணி நேரம் பேசியும் நான் நேராகப் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுபதுகளில் கட்டிய கட்டடம், இரண்டு படுக்கையறை, மொசைக் தரை, மூன்று மாடி, லிஃப்ட் இல்லை. குடி வந்தால் சம்பளத்தோடு வரும் வீட்டு வாடகைப் படி (எச்.ஆர்.ஏ.) போய்விடும். இதெல்லாம் அவளுக்கே தெரியும்.

அவளுக்குத் தெரியாதது பால் விஷயம்.

எங்கள் பிளாக்குக்கு வரும் வழியில் முதலில் மோட்டார் ரூம், அடுத்து ஒரு பெரிய ஏழிலைப்பாலை மரம், அதைத் தாண்டினால் எங்கள் வாசல். பால்காரர் விடியற்காலை நாலரைக்கு வருவார். மோட்டார் ரூம் திண்ணையில் பாக்கெட்டை வைத்துவிட்டு அப்படியே வண்டியைத் திருப்பிவிடுவார். மரத்தைத் தாண்டி ஒரு நாள்கூட வந்ததில்லை. நான் ஆறு மணிக்குள் இறங்கிப் போகாவிட்டால் காக்காய் கொத்திவிடும். மூடி போட்ட வாளி வாங்கி வைத்தேன், வாளி காணாமல் போனது. வேறு வாளி வாங்கி மூடி மேல் செங்கல் வைத்தேன், நாய் செங்கலைத் தள்ளக் கற்றுக்கொண்டது. கூடக் காசு தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். “காசு இருக்கட்டும் டீச்சரம்மா, எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு” என்றார். அதற்கு மேல் என்ன பேச? சாப்பாடு கொண்டுவருகிற பையன்களும் ராத்திரியில் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றே போன் செய்வார்கள். கேட்டால், மேப்பில் வழி அதோடு முடிந்துவிட்டதாம்.

மரத்தின் மேல் பழி போடுவது இவர்கள் மட்டும் இல்லை. கேரளத்திலும் குமரிப் பக்கமும் யட்சி குடியிருப்பது பாலை மரத்தில்தான். ஆங்கிலத்திலும் இதற்குச் சாத்தான் மரம் என்று ஒரு பெயர் உண்டு. ஆனால் தாவரவியல் பெயர் அல்ஸ்டோனியா ஸ்காலாரிஸ். இதன் பலகையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதுபலகை செய்ததால் வந்த ‘ஸ்காலாரிஸ்’ அது. சாந்திநிகேதனில் விசுவபாரதி பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் இந்த இலையைக் கொடுப்பது பழைய மரபு. பல்கலைக்கழகத்துக்கு இதைவிடப் பொருத்தமான மரம் கிடைக்காது. இங்கே அதன் அடியில் ஒரு பால் பாக்கெட் வர வழியில்லை. (ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரிப் பூ வாசனை மண்டையைப் பிளக்கும். அது பற்றி எனக்கும் புகார் உண்டு. அது பேய் இல்லை, தலைவலி.)

அடுத்தது சத்தம். எனக்கு மேலே வீடு கிடையாது, மொட்டை மாடிதான். அதுவும் பூட்டிக் கிடக்கும், சாவி எஸ்டேட் ஆபீஸில். ஆனாலும் ராத்திரியில் மேலே யாரோ கோலிக்குண்டு உருட்டுவார்கள். டக், டக், டக், டர்ர்ர். வந்த முதல் மாதம் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் படுத்தேன். ஆனால் நான் பாடம் எடுப்பது புள்ளியியல். இரண்டாவது மாதம் ஒரு நோட்டில் நேரம் குறிக்க ஆரம்பித்தேன். கோலி ஆட்டம் பெரும்பாலும் பத்தரைக்கும் பத்தே முக்காலுக்கும் நடுவில் நடந்தது. ஹாஸ்டல் மோட்டாரை வாட்ச்மேன் அண்ணா நிறுத்துகிற நேரம் அது. குழாயில் வேகமாக ஓடுகிற தண்ணீர் சட்டென்று நின்றால் அந்த அடி குழாய் முழுக்கப் போய் மோதும் என்று சிவில் துறை நண்பர் விளக்கினார். சித்திரை வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம் ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது விடுகிற ‘டக்’ தனிக் கணக்கு. இரண்டும் சேர்ந்தால் கோலி விளையாடுகிற குழந்தை.

பக்கத்து வீட்டு இயற்பியல் பேராசிரியருக்கு இது போதவில்லை. அவர் விக் டாண்டி கதையை எடுத்தார். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் வேலை பார்த்த பொறியாளர் டாண்டி. ஆய்வுக்கூடத்தில் தனியாக இருந்தபோது உடம்பெல்லாம் வேர்த்து, கடைக்கண்ணில் சாம்பல் நிற உருவம் தெரிந்தது. மறுநாள் வாள்வீச்சுப் போட்டிக்காகக் கொண்டுவந்த மெல்லிய வாளை வைஸ் என்ற இறுக்குப்பிடியில் பூட்டி வைக்க, அது தானாக அதிர்ந்தது. தேடினால் காரணம் புதிதாகப் போட்ட எக்ஸாஸ்ட் ஃபேன். அது எழுப்பியது காதுக்குக் கேட்காத, கிட்டத்தட்ட 19 ஹெர்ட்ஸ் அலை. 1998-ல் கட்டுரையாகவே எழுதினார். அன்றிலிருந்து எந்தப் பேயைச் சொன்னாலும் “பத்தொன்பது ஹெர்ட்ஸ்” என்று சொல்லிவிட்டுப் போவது ஒரு ஃபேஷன். நம்மவரும் மெஸ் ஃபேன் மேல் சந்தேகப்பட்டு ஒரு ராத்திரி அதை நிறுத்த வைத்தார். கோலி உருண்டுகொண்டுதான் இருந்தது. மெஸ்ஸில்தான் புகை மூட்டம்.

ஹாஸ்டல் பேய்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் கவனித்திருக்கிறேன். பையன்கள் ஹாஸ்டலில் பேய் ஒரு மணிக்கு மேல்தான் வரும். பெண்கள் ஹாஸ்டலில் சரியாக ஒன்பது மணிக்கு, கேட் பூட்டுகிற நேரத்தில் வரும். சம்பளம் வாங்காத வாட்ச்மேன்.

இனி அலறல். ராத்திரி பன்னிரண்டு, ஒரு மணிக்குப் படிக்கட்டுப் பக்கம் யாரோ கழுத்தை நெரித்த மாதிரி ஒரு கிரீச். அதோடு ஒரு குறட்டை. வந்த வருடம் ஐப்பசி மழையில் கரண்ட் போன ஒரு ராத்திரி, டார்ச்சோடு கதவைத் திறந்தேன். படிக்கட்டு வென்டிலேட்டரில் இதய வடிவத்தில் ஒரு வெள்ளை முகம். இமைக்காமல் என்னைப் பார்த்தது. தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டியது. அப்புறம் இறக்கையை விரித்துக் கிளம்பியது பாருங்கள், தலைக்கு ஒரு முழம் மேலே போகிறது, ஒரு சிறு சத்தம் கிடையாது. அடி வயிறு முழுக்க வெள்ளை. கூகை. ஊரில் சாக்குருவி என்று கல்லால் அடிப்பார்களே, அதுதான். குறட்டை விட்டவை குஞ்சுகள், பசிக்கு அப்படித்தான் கேட்குமாம்.

காலையில் படியில் கருப்பாக, கட்டை விரல் நீளத்துக்கு உருண்டைகள் கிடக்கும். கூகை இரையை முழுசாக விழுங்கி, செரிக்காத ரோமத்தையும் எலும்பையும் உருட்டிக் கக்கிவிடும். ஒன்றைப் பழைய டிபன் மூடியில் வெந்நீர் விட்டு ஊற வைத்து, கோலமாவுச் சல்லடையில் அலசினேன். மூன்று எலி மண்டை ஓடு, ஒவ்வொன்றிலும் மஞ்சள் கறையோடு முன்பல். என் ஒன்பது வருட வாடகைக்கு ஈடாக இந்தக் குவார்ட்டர்ஸ் கொடுத்த ஒரே சந்தோஷம் எதுவென்றால் இதைத்தான் சொல்வேன். மலேசியாவில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் எலிக்காகக் கூகைக்குப் பெட்டி வைத்துக் கொடுக்கிறார்கள். எனக்கு இலவசமாகக் கிடைத்தது.

நியாயமாகப் பார்த்தால் இங்கேயே நான் நல்ல மார்க் போட்டு முடித்திருக்க வேண்டும். போன மாதம் ரிப்பேர் வந்தது.

படிக்கட்டு எச்சத்தைக் கழுவிக் கொடுங்கள் என்று நாலு கடிதம் எழுதியிருந்தேன். கழுவச் சொல்லித்தான் கேட்டேன், விரட்டச் சொல்லி இல்லை. ஆள் வந்து எல்லா வென்டிலேட்டருக்கும் கம்பி வலை அடித்துவிட்டுப் போய்விட்டார். குஞ்சு இல்லாத நேரம், அந்த மட்டுக்கும் நல்லது. அதே வாரம் மோட்டார் ரூமில் வால்வை மாற்றினார்கள். கோலியும் நின்றது. பத்து நாளில் என் ஸ்கூட்டர் வயரை எலி கடித்தது, அரிசி டப்பா மூடியைச் சுரண்டியது. ஐந்து வருடமாக எதிர் வீட்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் இப்போது எஸ்டேட் ஆபீஸில் விசாரிக்கிறார்களாம்.

இத்தனைக்கும் பிறகு பால்காரர் மரத்தைத் தாண்டி வருவார் என்றுதானே நினைப்பீர்கள்? விஷயத்தைச் சொன்னேன். “சத்தம் போட்டாத்தான் பரவாயில்லயே டீச்சரம்மா, எங்க இருக்குன்னு தெரியும். இப்ப எங்க நிக்குதுன்னு யாருக்குத் தெரியும்?” என்றார்.

எடுக்கலாமா என்று கேட்டாய். காற்றும் வெளிச்சமும் இந்த வளாகத்தில் வேறு எந்த பிளாக்கிலும் இப்படி வராது. கமிட்டி ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு யாரும் சாயங்காலம் கதவைத் தட்ட மாட்டார்கள். இருந்தாலும் என் பதில், வேண்டாம். எதிர் வீடு காலி என்பதால் அந்த நடையில்தான் ஒன்பது வருடமாக என் கொடி கட்டியிருக்கிறது, அந்தச் சுவரோரம்தான் என் துளசித் தொட்டி இருக்கிறது, அந்த வாசலில்தான் நான் ராத்திரி நாற்காலி போட்டு உட்காருவேன்.

இல்லை, வந்தே தீருவேன் என்றால் வா. காலையில் மோட்டார் ரூமுக்குப் போவது இனி நீ. எனக்கும் சேர்த்து அரை லிட்டர், பச்சை பாக்கெட்.