மாட்டுக்கறி ஸ்டூ: குக்கரா, மண்சட்டியா?

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் எங்கள் வீட்டில் மாட்டுக்கறி ஸ்டூதான். திருநெல்வேலி மேலப்பாளையத்தில் எலும்போடு நெஞ்சுக்கறியாகக் கேட்டு வாங்கிவிடுவோம். எதில் வேக வைப்பது என்பதில்தான் சண்டை.

குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை ஏறும். அரை மணி நேரத்தில் கறி வெந்துவிடும். வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு அதுவே சரி. ஆனால் விசில் கூடிப்போனால் கறி நார்நாராகப் பிரியும். உருளைக்கிழங்கையும் கூடவே போட்டால் கூழ்தான்.

மண்சட்டிக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். சிறு தீயில் சவ்வு மெல்லக் கரைந்து சாறு தானாகவே கொழகொழப்பாகும், மைதா தேவையில்லை. நடுவில் மூடியைத் திறந்து ஒரு துண்டைக் கரண்டியால் நசுக்கிப் பார்க்கலாம்; குக்கரில் அது நடக்காது. மூடி விளிம்பில் ஆவி கசிந்து பட்டை, கிராம்பு வாசம் வீடு முழுக்கச் சுற்றும். அந்தக் குளிருக்கு அதுவே பாதிச் சாப்பாடு.

நான் சட்டிப் பக்கம். கேஸ் விலையை நினைத்தால் மட்டும் அரை வேக்காடு குக்கரில், மிச்சம் சட்டியில். அப்புறம், எதில் வைத்தாலும் நம்ம சொதிக்குச் செய்வது போலத் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்குங்கள்.